மார்செலின் முழங்காலும் ஐந்தாவது மன்றாட்டும்

எங்கள் மாதா கோயிலில் செய்யக்கூடாத ஒன்றை நான் செய்திருக்கிறேன். இதுவரை எந்தச் சாமியாரிடமும் அதைப் பாவமென்று சொன்னதில்லை. இனியும் சொல்லமாட்டேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. மொன்றியலில், வில்லரேயில் எங்கள் வீடு. எனக்கு இருபத்தாறு வயதாகியும் கலியாணம் ஆகவில்லை. (அம்மாவுக்கு இது ஒன்றே கவலை. எனக்கோ மார்செலின் முழங்கால் ஒன்றே கவலை.) மார்செல் எங்கள் நகரத்து ஐஸ் ஹொக்கி அணியின் தடுப்பாட்டக்காரர். ஊர் முழுக்கக் கோல் அடிக்கிறவர்களின் பெயரைச் சட்டை முதுகில் போட்டுக்கொண்டு திரிந்தது. நான் மட்டும், எதிரணி அடிக்கும் ரப்பர் வட்டுக்குக் குறுக்கே பனியில் விழுந்து அதை நெஞ்சிலும் காலிலும் வாங்குகிற இந்த மனிதரில் பைத்தியமாக இருந்தேன். வாங்கி வாங்கி அந்த மாதம் அவருடைய முழங்கால் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து ரொறன்ரோவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை என்ஜினியர். அவரும் தாயும் ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு வந்து, கோயிலில் வைத்தே என்னைப் பார்ப்பதென்று ஏற்பாடு. அம்மா சும்மா இருப்பாரா? அன்றைய மன்றாட்டுகளை நான்தான் வாசிக்க வேண்டுமென்று சாமியாரைப் பிடித்து ஒழுங்கு பண்ணிவிட்டார்.

"குரலைக் கேக்கட்டும், பக்தியைப் பாக்கட்டும். வாசிச்சுப்போட்டு வாயை மூடிக்கொண்டு வா, காணும்," என்றார்.

தாளில் நாலு மன்றாட்டுகள் இருந்தன. திருச்சபைக்கு, நாட்டுக்கு, நோயாளருக்கு, இறந்தவர்களுக்கு. நாலையும் ஒழுங்காக வாசித்தேன். அதோடு இறங்கியிருக்கலாம். வாய் கேட்கவில்லை.

"எங்கள் சகோதரன் மார்செலின் இடது முழங்கால் விரைவில் குணமடைய வேண்டுமென்று ஆண்டவரை மன்றாடுவோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்று சனம் முழுக்க ஒரே குரலில் சொன்னது. அம்மா மட்டும் சொல்லவில்லை.

பூசை முடிந்ததும் கோயிலின் கீழ் மண்டபத்தில் தேத்தண்ணியும் ரோல்ஸும். மாப்பிள்ளையின் தாய் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"ஆர் பிள்ளை அந்த மார்செல்?"

"இவளின்ர அப்பாவோட வேலை செய்யிறவர். வயசான மனிசன், பாவம்," என்று அம்மா முந்திக்கொண்டார். என் காலையும் மிதித்தார்.

நான் பேசாமல் நின்றிருந்தால் அன்றைக்கே சம்பந்தம் முற்றாகியிருக்கும். ஆனால் மார்செலைக் கிழவராக்கியதை என்னால் தாங்க முடியவில்லை.

"அவருக்கு இருபத்தெட்டு வயசு, அன்ரி. ஹொக்கி விளையாடுறவர்."

மாப்பிள்ளை சிரித்தார். "ஓ, அவரோ? எங்கட ரொறன்ரோவோட விளையாடேக்கை எந்நேரமும் கீழ விழுந்து கிடப்பார். விழுறது ஆருக்குத்தான் ஏலாது?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "அது விழுறதில்லை, மறிக்கிறது. இப்பிடி," என்றேன்.

காஞ்சிபுரச் சேலையோடு இரண்டடி ஓடி, ஒரு முழங்காலை மடித்து, மற்றக் காலைப் பக்கவாட்டில் நீட்டி, மார்செலைப் போலவே சறுக்கினேன். (பட்டுச் சேலை மெழுகு பூசிய தரையில் எவ்வளவு தூரம் போகும் என்று அன்றுதான் தெரிந்தது.) மேசைக்கால்தான் என்னை நிறுத்தியது. மேசையிலிருந்த தேத்தண்ணிக் கேத்தல் சரிந்து மாப்பிள்ளையின் தாயுடைய சேலையில் முழுதாக ஊற்றியது. நல்ல காலம், தேத்தண்ணி ஆறியிருந்தது.

அப்போதாவது மன்னிப்புக் கேட்டேனா? தரையில் கிடந்தபடியே மாப்பிள்ளையை அண்ணாந்து பார்த்து, "விளங்கினதோ?" என்று கேட்டேன்.

தாய் சேலையைப் பிழிந்துகொண்டு படியேறினார். மகன் பின்னால் போனார். ரொறன்ரோவிலிருந்து பேந்து ஒரு போனும் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா மெத்ரோ ரயிலில் ஒரேயொரு வசனம்தான் கதைத்தார்.

"வந்த என்ஜினியரையும் மறிச்சுப்போட்டாய்."

மூன்று வருடம் கழித்து மொன்றியலிலேயே, அஹுன்ட்சிக்கில் ஒருவரைக் கட்டினேன். அவருக்கு ஹொக்கியில் ஆனா ஆவன்னாவும் தெரியாது. அதை அம்மா முதலே விசாரித்து வைத்திருந்தார். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்தக் கலியாணத்துக்கு நான் பட்டுச் சேலையோடு போனாலும், "மார்செல் வாறா, தேத்தண்ணியைத் தூக்குங்கோ," என்று யாராவது தொடங்கிவிடுவார்கள். சிரிக்கட்டும்.

அந்த ஞாயிறு கழிந்து மூன்றாவது கிழமை மார்செல் திரும்பவும் பனியில் இறங்கினார். எதிரணியின் ஐந்து அடிகளை மறித்தார். இதைப் பற்றி மட்டும் எங்கள் வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை.