லிஃப்ட் மெக்கானிக் நன்றி சொன்ன நாள்

“சட்டையை எவ்வளவு அழகா இஸ்திரி போட்டிருக்கே! ரொம்ப நன்றிம்மா.”

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி கையிலிருந்த டம்ளர் நழுவியது. பதினாறு வருடத்தில் அந்தச் சொல் அவள் காதில் விழுந்ததே இல்லை.

“என்னங்க, நெஞ்சு வலிக்குதா?”

“சே சே! நாளைக்குத் தவக்காலம் தொடங்குதில்ல? வருஷாவருஷம் டீயை விட்டுட்டு உன்மேல எரிஞ்சு விழுறேன். கடவுள் எனக்குக் காட்டின இரக்கமெல்லாம் மனுஷங்க மூலமாத்தானே வந்துச்சு? இந்தத் தடவை அவங்களுக்கு நன்றி சொல்லித் தயாராகலாம்னு...”

அவள் கேட்கவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள்.

லிஃப்ட் மெக்கானிக் பட்டறைக்குப் போய் மேற்பார்வையாளர் முன் நின்றார்.

“சார், மூணாவது மாடிக்குப் போக வேண்டிய உங்களை மொட்டைமாடியில கொண்டுபோய் விட்டேன். அப்பவும் என்னை வேலையில வெச்சிருந்தீங்க. நன்றி சார்.”

மேற்பார்வையாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இன்னும் எத்தனை நாளாம்?”

“நாப்பது நாள் சார்” என்றார் மெக்கானிக், தவக்காலத்தை நினைத்து.

அடுத்த நிமிடம் பட்டறை ஆட்கள் இரண்டு பேர் அவரைத் தூக்கி வேனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

வீடு நிறையக் கூட்டம். ஏழு வருடமாகப் பேசாத மச்சான் ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

“மாப்ளே, கல்யாண ஆல்பத்துல உங்க தலையை மட்டும் வெட்டி எடுத்தது நான்தான். மன்னிச்சிடுங்க!”

மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஒரு கட்டிப்பிடிப்புக்காக எத்தனை ஜெபம் பண்ணியிருப்பார்! “மன்னிச்சாச்சு மச்சான். ஆனா நான் நல்லாத்தான் இருக்கேன்.”

“எவ்வளவு தைரியம் பாருங்க” என்று யாரோ விசும்பினார்கள்.

மாமியார் முன்னால் வந்தார். “கடைசி நேரத்துல பொய் சொல்லக்கூடாது மாப்ளே. உங்களை அன்னைக்கும் பிடிக்கலை, இன்னைக்கும் பிடிக்கலை. மன்னிச்சிடுங்க.”

“உண்மையைச் சொன்னதுக்கு நன்றி அத்தை.”

மாமியார் ஓவென்று அலறிவிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரர் அளவு நாடாவோடு வாசலில் குனிந்திருந்தார். “படிக்கட்டுல பெட்டி திரும்பாது. லிஃப்ட்லயும் நீளம் பத்தாது.”

“சாய்ச்சு வெச்சா போகும்” என்றார் மெக்கானிக், தொழில் புத்தியில்.

அழுகை இரண்டு மடங்கானது.

அவருக்குப் பொறுமை போய்விட்டது. “ஃபாதரைக் கூப்பிடுங்க! நன்றி சொல்றது நோயா இல்லையான்னு அவரே சொல்லட்டும்!”

அந்த நேரம் பார்த்து, ஆலயத்தில் மணி அடிக்கும் கோயில்பிள்ளை மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

“ஃபாதர் எங்கேங்க?” என்று எல்லோரும் கேட்டார்கள்.

“அவரா? காலையில என்னைக் கூப்பிட்டு, இத்தனை வருஷம் மணி அடிச்சதுக்கு நன்றின்னு சொன்னாருங்க. பதறிப்போய், இப்பதான் ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு வரேன்!”