ஏற்கெனவே ஏறிவிட்டவர்

மலைக்கு வருகிறவர்களில் பயப்படுகிறவர், பயத்தை மறைக்கிறவர், மனைவி சொன்னாளே என்று வந்தவர் எனப் பல ரகம் உண்டு. அவர்களோடு எனக்குத் தகராறு கிடையாது. நான் சொல்ல வந்தது ‘ஏற்கெனவே ஏறிவிட்டவர்’ என்ற இனத்தைப் பற்றி. பிரிட்டிஷ் கொலம்பியாவின் பனிமலைகளில் பத்தொன்பது வருஷமாக வழிகாட்டியாக இருக்கிறேன். ஹெலிகாப்டருக்கு ஒருவராவது இவர்களில் வந்து இறங்கிவிடுகிறார்.

எப்படி அடையாளம் காண்பது? ரொம்பச் சுலபம். சாலையே இல்லாத பள்ளத்தாக்குகளைத் தாண்டி, பனியாற்றின் ஓரத்தில் இருக்கும் மரக்குடிலில் நம்மை இறக்கிவிட்டு ஹெலிகாப்டர் திரும்பிப் போனதும், மற்றவர்கள் வாயடைத்து நிற்க, இவர் மட்டும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, பழைய காரை விலைக்குப் பார்க்கிறவர் மாதிரி சிகரத்தை மேலும் கீழும் பார்ப்பார். பிறகு சொல்வார்: “இவ்வளவுதானா?”

போன ஆகஸ்டில் வந்தவர் லோர்ன் பிரூடன். கனடாவின் சமவெளி ஊரான சாஸ்கடூனில் பல் மருத்துவர். அந்த ஊரில் ஏறுவதற்கு ஏணியை விட்டால் வேறொன்றும் கிடையாது. ஆனால் மனிதர் பெருவுக்கும் நேபாளத்துக்கும் போய் வந்திருந்தார். சூப் கொடுத்தால், பெருவில் இதைவிடச் சூடு. மழை பெய்தால், நேபாளத்தில் இதைவிட ஈரம். அதே ஹெலிகாப்டரில் வந்து இறங்கியவர் வில்மா ஹெட்லண்ட். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், வயது அறுபத்திரண்டு, இதுதான் முதல் மலை. விழுந்தால் கோடரியைப் பனியில் எப்படி ஊன்றுவது என்று காலையில் நான் சொல்லிக்கொடுத்தபோது வில்மா பத்து முறை விழுந்து பழகினார். டாக்டர் காலுறையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

மூவரும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டோம். நான் முன்னால், அவர் நடுவில், வில்மா கடைசி.

“டாக்டர், கயித்தைக் கையில சுருட்டி வச்சுக்காதீங்க. தொய்வு இருக்கக் கூடாது.”

“பெருவுல நாங்க இப்படித்தான் போனோம்.”

“பெருவுல எங்க பள்ளம்னு எனக்குத் தெரியாது. இங்க தெரியும்.”

கேட்டாரா? புகைப்படம் எடுக்க என் காலடித் தடத்தைவிட்டு இரண்டடி விலகினார். “அந்தப் பக்கம்...” என்று நான் ஆரம்பிப்பதற்குள் ஆளைக் காணோம். பனிப்பிளவை மூடியிருந்த மெல்லிய பனி உடைந்துவிட்டது. அவர் சுருட்டி வைத்திருந்த கயிறெல்லாம் ஓடித் தீர்ந்து, என்னைக் குப்புறத் தள்ளி, பிளவை நோக்கி இழுத்தது. கோடரியை ஊன்றினேன், நிற்கவில்லை. பிறகு திடீரென்று நின்றது. எதிர்ப்பக்கத்தில் வில்மா வயிற்றால் பனியை அமுக்கிக்கொண்டு, கோடரியின் மேல் முழு உடம்பையும் போட்டுக் கிடந்தார்.

பிளவுக்குள்ளிருந்து சத்தமே இல்லை. பிறகு, சின்னக் குரலில்:

“நான் இங்கதான் இருக்கேன்.”

“வேற எங்க போவீங்க டாக்டரே?” என்றார் வில்மா. “கயிறு என் இடுப்புல இருக்கு. ஆடாம உக்காருங்க.” பள்ளிப் பேருந்தில் நாற்பது பிள்ளைகளை அடக்கிய குரல் அது.

கப்பிகளைக் கட்டி அவரை மேலே இழுக்க முக்கால் மணி நேரமாயிற்று. உதடு நீலம், ஒரு கையில் உறை இல்லை. வில்மாவின் சட்டைக் கையைப் பிடித்தவர் வெகுநேரம் விடவேயில்லை. வில்மாவும் இழுத்துக்கொள்ளவில்லை.

இத்தோடு திருந்தியிருப்பார் என்கிறீர்களா? இந்த இனத்தை உங்களுக்குத் தெரியாது. இரவுச் சாப்பாட்டில் கதை மாறிவிட்டது.

“பனி தாங்குமான்னு சோதிச்சுப் பார்த்தேன்.”

“நல்லாத்தான் சோதிச்சீங்க,” என்றார் வில்மா. “அடுத்த தடவை குச்சியை விட்டுப் பாருங்க.”

குடிலில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்சம் தாமதித்து அவரும் சிரித்தார். மறுநாள் காலை, யாரும் பார்க்காதபோது, தன் முடிச்சு சரியா என்று வில்மாவிடம் காட்டிக்கொண்டிருந்தார். அன்று சிகரத்தைத் தொட்டோம். வழி நெடுக அவர் எந்த நாட்டின் பெயரையும் சொல்லவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சரி. ஆனால் அவர் விழுந்த இடத்தைப் படித்தபோது, ‘கயிற்றை இப்படியா கட்டுவது, வழிகாட்டி அல்லவா கவனித்திருக்க வேண்டும்’ என்று உங்களுக்கு ஒரு கணம் தோன்றியதா? தோன்றியிருந்தால் வருகிற ஆகஸ்டில் வாருங்கள். வில்மா மறுபடியும் வருகிறார். எங்கள் இருவருக்கும் நடுவில் ஓர் இடம் காலியாகத்தான் இருக்கிறது.