முனீஸைத் தூங்க வைத்தல்

"ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குனே கண்ணு?"

"மூணு மணி நேரம் சார்."

தங்கராஜ் நோட்டில் குறித்துக்கொண்டார். வணிகவியல் வாத்தியாரான அவர், கோயமுத்தூரில் இரண்டு நாள் மன அழுத்தப் பயிற்சிக்குப் போய், இரண்டாம் நாள் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பஸ் ஏறியவர். அந்த ஒன்றரை நாள் ஞானத்தை நம்பிக் கல்லூரி அவரை மாணவர் நல ஆலோசகர் ஆக்கிவிட்டது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். தங்கராஜுக்கு முதல் ஆள் கிடைத்திருந்தான்.

முனீஸ் விடுதியில் சேர்ந்து மூன்றே வாரம். அதற்குள் கண்ணைச் சுற்றிக் கருவளையம், வகுப்பில் தலைசுற்றல். ஒரு வாரத்தில் சரியாகாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகப் பிரின்ஸிபால் கெடு வைத்திருந்தார். அவன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். பாவம், பயத்தில் இன்னும் மெலிந்தான்.

"ஊட்டுல எப்படித் தூங்குவே?"

"படுத்தா விடிஞ்சுதேன் சார் முழிப்பேன்."

"அப்ப இந்த ஆஸ்டல் சத்தந்தான் பிரச்சினை!"

கிறீச்சிட்ட மின்விசிறிக்கு எண்ணெய் விட்டார்கள். மறுநாள் முனீஸ் இரண்டு மணி நேரம் என்றான்.

அது 2008, மின்வெட்டுக் காலம். ஓயாமல் உறுமிக்கொண்டிருந்த ஜெனரேட்டரை ஜன்னலோரத்திலிருந்து கேன்டீனுக்குப் பின்னால் தள்ளினார்கள். ஒரு மணி நேரம் என்றான்.

தங்கராஜ் விடவில்லை. குறட்டை விடும் அறைத்தோழனை மாடிக்கு விரட்டினார். ஜன்னல் இடுக்கெல்லாம் பனியன் கம்பெனிக் கழிவுத் துணியை அடைத்தார். முனீஸின் காதில் பஞ்சு வைத்தார்.

"இனி இடி விழுந்தாக்கூடக் கேக்காது கண்ணு. நிம்மதியாத் தூங்கு!"

முனீஸ் பொட்டுக் கண் மூடவில்லை. காலையில் பல் விளக்கும்போது மயங்கி விழுந்தான்.

'தீராத மன அழுத்தம்' என்று தங்கராஜ் அறிக்கை எழுதினார். தப்பு தன்னுடையதாக இருக்கலாம் என்ற நினைப்பு அவர் தலைக்குள் வரவே இல்லை. வந்திருந்தாலும் உட்கார அங்கே இடம் கிடையாது. பையனைக் கூட்டிப்போகச் சொல்லி அவன் ஊரான மங்கலத்துக்குப் போன் போனது.

முனீஸின் அம்மா ஒச்சம்மாள் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"எவ்வளவோ பண்ணிப் பாத்தாச்சுங்க," என்றார் தங்கராஜ். "இந்த ரூமைப் பாருங்க. இத்தனை அமைதி உங்க ஊட்டுல உண்டுங்களா?"

ஒச்சம்மாள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். மகன் காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள்.

"தறிப்பட்டறைக்குள்ளயே தூளி கட்டி வளத்த பய சார் இவன். தறி நின்னாத்தேன் முழிச்சு அழுவான்!"