தொட்ட காய்

"கையுறையைக் கழட்டிட்டு என்னைத் தொடுங்க ஐயா."

கட்டநாட்டில் எந்தச் சிப்பாயும் கேட்கக் கூடாத கோரிக்கை அது. "எதை வேணா கேளுடி, தொடச் சொல்லி மட்டும் கேக்காத" என்று தவமணியின் அம்மா தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள்.

அந்த நாட்டில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வெள்ளை கிராண்ட்மாஸ்டரும் கறுப்பு கிராண்ட்மாஸ்டரும் சதுரங்கம் ஆடுவார்கள். வென்றவர் ஆள்வார். காய்களாக நிற்பது குடிமக்கள். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது சட்டம். ஆகவே சிப்பாய்களை நலம் விசாரிக்க வரும்போது இருவரும் கையுறை மாட்டிக்கொள்வார்கள். வெட்டுக்கொடுக்கும்போது மட்டும் அது கழலும்.

வெள்ளை மாஸ்டர் தவமணியை ஐந்து முறை வெட்டுக்கொடுக்க முன்னால் தள்ளினார். கறுப்பு ஐந்து முறையும் வெட்டாமல் அசந்துவிட்டார். இப்போது அவள் ஏழாம் வரிசையில், பலகையின் ஓரத்தில் நின்றாள். இன்னும் ஒரே கட்டம், ஏறினால் ராணி. அவள் தெருவிலிருந்து யாரும் ஆனதில்லை. மாஸ்டர் கையுறையை மாட்டிக்கொண்டு அவள் தலையைத் தடவினார். அப்போதுதான் தவமணி அப்படிக் கேட்டாள்.

தலைமை நடுவர் எழுந்தார். "கையுறையால் தொடுவது தொடுவதாகாது. அது பரிவு."

"எட்டாவது கட்டம் போனா ராணின்னு புத்தகத்துல இருக்கு. நான் பட்டம் படிச்சவ. வாசிக்கத் தெரியும்."

"புத்தகம் நேற்றே திருத்தப்பட்டது. ராணியாக விரும்புவோர், தம் தாயாரும் ராணியாக இருந்ததற்குச் சான்றிதழ் தர வேண்டும்."

"எங்கம்மாவை எட்டாவது கட்டத்துக்கு யாரு விட்டா?"

கேள்வியால் ஆட்டத்தின் மாண்பு குலைந்ததாம். இரு நிறச் சிப்பாய்களும் பாரபட்சமின்றி ஒற்றைக்காலில் நிற்க ஆணை பிறந்தது. சமத்துவம் என்று பார்வையாளர்கள் கைதட்டினார்கள்.

"உன் படிப்புல எங்க காலும் போச்சு தாயி" என்றார் பக்கத்துக் கட்டத்தில் நின்ற கறுப்புச் சிப்பாய் பேச்சிமுத்து.

அவளை நகர்த்தினால் வெள்ளைக்கு வெற்றி. எல்லோருக்கும் தெரிந்தது. திருத்தம் என்ன சொன்னாலும், நகர்த்தினால் அவள் ராணி. அதுவும் தெரிந்தது. மாஸ்டர் வெகுநேரம் யோசித்தார். பிறகு கையுறையைக் கழற்றினார்.

அந்தக் கை அவளைத் தாண்டிப் போய்க் கறுப்பு மாஸ்டரின் கையைக் குலுக்கியது.

"ஆட்டம் சமன்" என்றார் நடுவர். "ஆட்சி ஆளுக்குப் பாதி. சிப்பாய்கள் இரண்டாம் வரிசைக்குத் திரும்பலாம்."

"அடுத்த வாட்டி வெள்ளை எனக்கு, மச்சான்" என்றார் கறுப்பு மாஸ்டர்.

"அதுக்கென்ன, எடுத்துக்குங்க மாப்ள."

தவமணி தூக்கியிருந்த காலைப் பலகைக்கு வெளியே ஊன்றினாள்.

"சிப்பாய் பக்கவாட்டில் போக விதியில்லை!" நடுவர் கத்தினார்.

"விதி பலகைக்குத்தானய்யா" என்றாள், திரும்பாமல்.

முடிவு, அந்தக் கை அவளைத் தாண்டியபோதே எடுத்தாயிற்று. இப்போது நடந்தது கால் மட்டும்.