தார் சாரின் இரண்டடிப் படி

இந்த ஆசாமியைத் தேடிக்கொண்டு நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். பேருந்து நிறுத்தத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும், அவரே வந்து பக்கத்தில் நின்றுகொள்வார். பேருந்து வருகிறதோ இல்லையோ, இவர் பேச்சு வந்துவிடும். "ரோட்டுக்கு காசு ஒதுக்குறானா பாருங்க இந்த கவர்மென்ட்டு!"

எங்கள் தெருக்காரருக்கு ஊர் வைத்த பெயர் தார் சார். காப்பீட்டு அலுவலகத்தில் முப்பது வருடம் கடிதம் எழுதியே ஓய்வு பெற்றவர். கை சும்மா இருக்குமா? தெருவில் ஒரு குழி விழுந்தால் மனைவியின் தையல் டேப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி, நீளம் அகலம் ஆழம் அளந்து, மழை நாளில் ஆழம் வேறு என்று அடிக்குறிப்பும் போட்டு, மூன்று பிரதி எடுத்து மூன்று அலுவலகங்களுக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். பத்து வருடமாக ஒரே கோரிக்கை: தெருவை அகலப்படுத்த நிதி ஒதுக்கி, பேருந்தை உள்ளே விட வேண்டும்.

சும்மா சொல்லக்கூடாது, கோரிக்கை நியாயமானது. அவர் மனைவி மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவர். முழங்கால் தேய்ந்துபோன அந்த அம்மா, பேருந்து பிடிக்கப் பெரிய சாலை வரை தினமும் இருபத்தைந்து நிமிடம் நடக்க வேண்டும். இன்னும் ஒரு வருடம் இப்படி நடந்தால் வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கடைசி மனுவில் தார் சார் ஒரு வரி சேர்த்தார். "தெருவுக்குள் துருத்தி நிற்கும் வாசற்படிகளை, யார் வீட்டுப் படி என்று பாராமல், தயவு தாட்சண்யமின்றி இடித்துத் தள்ள வேண்டும்." எழுதும்போது ஜன்னல் வழியே எதிர்வீட்டு வாத்தியாரின் படியை முறைத்துக்கொண்டே எழுதினார்.

நம்பமாட்டீர்கள், நிதி வந்தேவிட்டது! தார் சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்று, சுண்ணாம்புக் கட்டியோடு வந்த சர்வேயரை வரவேற்றார்.

சர்வேயர் வாத்தியார் வீட்டை அளந்தார். அரையடி. பிறகு இந்தப் பக்கம் திரும்பினார்.

"சார், இந்தப் படி ரெண்டடி வெளிய இருக்கு. இடிக்கணும்."

"எந்தப் படி?"

"நீங்க நிக்கிறீங்களே, அதுதான்."

"இடிக்கச் சொன்னது யாருய்யா?"

சர்வேயர் கோப்பைப் புரட்டினார். "யாரோ பெரியவர் எழுதியிருக்கார் சார். தயவு தாட்சண்யம் வேண்டாமாம். கையெழுத்து முத்து முத்தா இருக்கு."

தார் சார் முகத்தில் ஈயாடவில்லை. பத்து வருடமாக ஊரையெல்லாம் அளந்த டேப் ஒரு நாளாவது தன் வாசலில் விழுந்திருக்க வேண்டாமோ?

அன்று மாலையே ஆட்சேப மனு தயார். சாலைக்கு நிதி தேவைதான், ஆனால் பின்தெருவுக்கே முதலில் தேவை என்று நான்கு பக்கம். முதல் கையெழுத்துக்கு மனைவியிடம் நீட்டினார்.

"எனக்காகத்தானே இத்தனை வருஷம் எழுதுனீங்க?" என்றார் அந்த அம்மா.

"அதுக்காக? கல்லு பதிச்ச படிடி! நானே நின்னு கட்டுனது!"

"கை போட்டுடும்ங்க. முழங்கால்தான் சம்மதிக்க மாட்டேங்குது." பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்தக் கையெழுத்து இல்லாமலே மனு போயிற்று. ஆட்சேபம் தீரும்வரை வேலை தொடங்கக் கூடாது என்பது விதி; விதிகளைக் கரைத்துக் குடித்தவர் அவர். விசாரணை, மறுவிசாரணை, கூடுதல் விளக்கம் என்று ஆற அமர இழுத்ததில் நிதியாண்டு முடிந்தது. செலவாகாத பணம் வந்த வழியே திரும்பிப் போயிற்று.

நேற்றுக் காலை அவரைப் பார்த்தேன். அதே படியில் சாய்ந்து உட்கார்ந்து பத்திரிகைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். "எங்கள் தெருவுக்கு அரசு ஒரு சல்லிக்காசும் ஒதுக்கவில்லை" என்பது முதல் வரி. மனைவி கைப்பையோடு வாசலுக்கு வந்தார். தார் சார் எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, அந்த அம்மா இறங்க வசதியாகக் காலைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டார். அவ்வளவு கரிசனம்! அந்த அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கி, இருபத்தைந்து நிமிட நடையைத் தொடங்கினார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் வாசல் வரை போய்விட்டு வாருங்கள். நான் என் வீட்டில் அளந்து பார்த்தேன். எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள்.