ஆமென் நைனாவும் ஆறிப்போகும் சாம்பாரும்

கடவுளுக்கே நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் புத்தூர் சபையின் ஆமென் நைனா.

சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். யாருக்கும் அது தேவைப்படவில்லை. எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம், அப்பா வயதுக்காரர்களையும் அப்படியே. ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். உடம்பு ஒல்லி. குரல் மட்டும் கூட்ஸ் வண்டி நீளம்.

சபைக்குப் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு விளக்கம். ஒருவர் ஜெபிப்பார், மற்றவர்கள் கண்ணை மூடியிருப்போம். அவர் முடித்ததும் எல்லோரும் "ஆமென்" என்போம். அதோடு ஜெபம் முடிந்தது. ஆனால் எங்கள் சபையில் எப்போது முடிப்பது என்பதை ஜெபிக்கிறவர் தீர்மானிக்க முடியாது. அவர் மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினால் போதும், "ஆமே...ன்!" என்று ஒரு முழக்கம் வரும். பழக்க தோஷத்தில் மொத்தச் சபையும் கூடவே சொல்லிவிடும். கீபோர்டுக்காரர் பாட்டை எடுத்துவிடுவார். ஜெபித்தவர் திறந்த வாயோடு நிற்பார்.

எங்கள் மூப்பர் ஒருவரின் ஜெபம் புத்தூரில் கிளம்பி, ரேணிகுண்டாவில் தண்ணீர் குடித்து, அமராவதி, டெல்லி வழியாக எருசலேம் போய்ச் சேரும். நைனா அதை ஒரு நாளும் ரேணிகுண்டா தாண்ட விட்டதில்லை. நான் ஜெபத்துக்கு விரோதி அல்ல. ஆனால் நகரியில் ஒரு புது வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்குப் போய், வேகிற வெயிலில், பிரியாணி வாசனையை மூக்கால் மட்டும் அனுபவித்துக்கொண்டு நின்றபோது அந்த ஆமென் என் காதில் தேனாகத்தான் பாய்ந்தது.

சபைக்குப் புதிதாக ஒரு இளம் பாஸ்டர் வந்தார். சித்தூர்க்காரர். நல்ல பிள்ளை, நீண்ட ஜெபப் பிரியர். முதல் ஞாயிறே நைனாவிடம் பாதியில் மாட்டிக்கொண்டார். ஆராதனை முடிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நைனா, மீரு பெத்தவாரு, வயசுல பெரியவர். ஆனா ஜெபத்தை நடுவுல நிறுத்தலாமா?"

"பாஸ்டரே, நான் கேட்டுல நின்னவன். ரொம்ப நேரம் மூடி வெச்சா இன்னா ஆவும் தெரியுமா? ஜனங்க வண்டியச் சாச்சு, கேட்டுக்குக் கீழ குனிஞ்சு பூந்து போய்க்கினே இருப்பாங்க. சபையும் அப்படித்தான்."

பாஸ்டர் சிரித்துவிட்டார். அதுதான் அவர் செய்த தப்பு. நைனா ஊழியத்தின் சட்டதிட்டங்கள் அத்தனையையும் அவிழ்த்துவிட்டார்.

"வியாதிக்காரன் வூட்டுக்குப் போனா சீக்கிரம் எழுந்துக்கோங்க, அவன் சாஞ்சு படுக்கணும். விருந்துல கடைசிப் பந்தியில துன்னுங்க. ஜெபத்துல பக்கத்து வூட்டு சண்டையச் சொல்லாதீங்க. ஆண்டவர் இன்னா செவிடா, இத்தினி வாட்டி சொல்லிக்கினு?"

"மஞ்சிதே நைனா, நல்லதுதான், ஆனா ஜெபம் அவருக்கு விஷயம் சொல்றதுக்கு மட்டுமா?" என்றார் பாஸ்டர்.

"பின்ன எதுக்கு?" என்றார் நைனா. பாஸ்டர் பதில் சொல்வதற்குள் டீ வந்துவிட்டது.

நைனாவின் இந்த ஆமென் சட்டம் ஒரே ஒரு முறை சறுக்கியது. பங்காருபாளையத்தில் ஒரு கல்யாணம். மாங்காய் மண்டிக்காரர் வீட்டுப் பெண். பாஸ்டர் ஆசீர்வாத ஜெபம் செய்தார். மாப்பிள்ளைக்கு ஆயுசு, ஆரோக்கியம், ஞானம், நல்ல வேலை எல்லாம் கேட்டு முடித்து, பெண் பக்கம் திரும்பி மூச்சு வாங்கினார். விழுந்தது ஆமென். மேளம் கொட்டிவிட்டது.

பெண்ணின் அம்மா மேடைக்கே ஏறிவிட்டார். "அவருக்கு மட்டும் எல்லாம் வந்துட்சி, எம் பொண்ணுக்கு இன்னா வந்துச்சு? அவ சும்மாவா போவணும்?"

பந்திக்குப் போன பெண்ணை இலைக்கு முன்னாலிருந்து எழுப்பி, தனியாக ஜெபம் செய்து, விட்டதையெல்லாம் கேட்டு வாங்கினார் பாஸ்டர். நைனா அன்று கடைசிப் பந்தி. தன் சட்டப்படி அல்ல, அந்த அம்மாவின் உத்தரவுப்படி.

அதற்குப் பிறகு பாஸ்டர் அவரைக் கடைசியில், செருப்பு விடும் வாசலோரம் உட்காரச் சொன்னார். பிரயோசனமில்லை. முன்னால் இருந்தபோது காதில் விழுந்த ஆமென், பின்னாலிருந்து வந்தபோது பிடரியில் விழுந்தது. கடைசியில் பாஸ்டரே வழிக்கு வந்தார். ஜெபங்களைச் சுருக்கினார். பாதி பயம், பாதி பாசம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது நைனாவின் குரல் கம்ம ஆரம்பித்தது. "சளி" என்றார். சுக்கு, மிளகு எல்லாம் பார்த்தார். ஆமென் தேய்ந்துகொண்டே வந்தது. எருசலேம் மூப்பர் ஒரு ஞாயிறு டெல்லி வரைக்கும் போய்விட்டார், அவருக்கே ஆச்சரியம். நாங்கள் சிரித்தோம். திருப்பதியில் டாக்டர் பார்த்துவிட்டு, தொண்டையில் கட்டி, ஆபரேஷன் செய்ய வேண்டும், குரல் திரும்ப வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். சிரிப்பு நின்றுவிட்டது.

ஆபரேஷன் அன்று காலை பாஸ்டரும் நானும் எருசலேம் மூப்பரும் போனோம். கேலி செய்யலாம் என்று ஒன்றிரண்டு வார்த்தை தயார் செய்து வைத்திருந்தேன். பச்சை அங்கியில் அவரைப் பார்த்ததும் அவற்றை விட்டுவிட்டு அவர் கட்டிலை ஒட்டிப் போய் நின்றேன்.

பாஸ்டர் அவர் கையைப் பிடித்து ஜெபித்தார். நைனாவின் சட்டப்படி, சுருக்கமாக. டாக்டருக்கு ஞானம் கொடும், இவருக்குச் சுகம் கொடும். அவ்வளவுதான். நிறுத்திவிட்டு ஆமெனுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். நைனா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பாஸ்டரின் கையை விடாமல் பிடித்திருந்தார்.

"நிறுத்தாதீங்க பாஸ்டரே," என்றார், காற்றாக வந்த குரலில். "இன்னும் கொஞ்சம் பண்ணிக்கினே இருங்க. பயமாக்குது."

பாஸ்டர் மறுபடி ஆரம்பித்தார். புத்தூரைச் சொன்னார், ரயில்வே கேட்டைச் சொன்னார், அதில் காத்திருந்த ஜனங்களையெல்லாம் சொன்னார். அவருக்கு மூச்சு வாங்கியபோது மூப்பர் எடுத்துக்கொண்டு எருசலேம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். நர்ஸ் வந்து, "டைம் அயிந்தி அண்டி, நேரமாயிடுச்சு" என்றவள், நைனாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளுவண்டியோடு அப்படியே நின்றாள். யாரும் ஆமென் சொல்லவில்லை. கடைசியில் நைனாவே சொன்னார். எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

நைனா பிழைத்துக்கொண்டார். குரல்தான் திரும்பவில்லை. கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு எல்லா ஞாயிறும் வருகிறார், என் பக்கத்தில் உட்காருகிறார். இப்போது ஏற்பாடு இதுதான்: அவர் என் தொடையில் தட்டுவார், நான் ஆமென் என்று கத்துவேன். மூப்பர் என்னை முறைப்பார்.

ஆனால் நைனா முன்போல் இல்லை. கையை என் தொடை மேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் சும்மாவே இருக்கிறார். ஜெபம் ரேணிகுண்டாவைத் தாண்டி எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. பின்கட்டில் ஆராதனை முடிந்து சாப்பிட வைத்திருக்கும் சாம்பார் ஆறுகிறது. ஆறினால் ஆறட்டும். அந்தக் கை என் மேல் இருக்கிறதே, எனக்கு அது போதும்.