பானெட்டின் மேல் ஐந்து விரல்

தமன்ஹூரில் இருக்கும் என் மூத்த சகோதரியும் மணப்பெண்ணின் தாயாருமான மதிப்பிற்குரிய இஹ்ஸான் அக்கா அவர்களுக்கு, அலெக்ஸாந்திரியாவிலிருந்து தம்பி ஷவ்கி இரண்டு கைகளாலும் ஸலாம் சொல்லி எழுதுவது.

இங்கே என் முழங்காலைத் தவிர அனைவரும் நலம். அங்கே மச்சானின் சர்க்கரையும் உன் கோபமும் குறைந்திருக்க துஆ செய்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், நான் "கார்" என்று ஆரம்பித்தாலே நீ "அடுப்புல பால் பொங்குது" என்று வைத்துவிடுகிறாய். உன் வீட்டில் அவ்வளவு பால் ஏது அக்கா?

முதலில் ஒன்று. எனக்குப் பொறாமை இல்லை. இங்கே கடற்கரை மண்டபத்துக்கு வரும் ஹதீரின் கல்யாண ஊர்வலத்தில் அவளை உட்காரவைத்து ஓட்டப்போவது நம் தம்பி வஜீஹின் கார் என்று நீ முடிவு செய்துவிட்டாயாம். நல்லது. ஆனால் நம் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் மூத்த தாய்மாமன் காரில் அல்லாமல் மண்டபத்துக்குப் போனதுண்டா? உன் மூத்தவளை யார் ஓட்டிப் போனது? அன்று கடற்கரைச் சாலை முழுக்க ஹாரன் அடித்து, என் ஹாரனே தொண்டை கட்டிப் போய் இன்றுவரை சளி பிடித்தவன் மாதிரிதான் கத்துகிறது. அதையெல்லாம் மறந்துவிட்டு "உன் காரு வெளுத்துப்போச்சுடா, போட்டோவுல நல்லா இருக்காது" என்கிறாய். உப்புக் காற்றும் வெயிலும் குடிக்கிற ஊரில் எந்தக் கார்தான் வெளுக்காது? என் பச்சை சாம்பல் பூத்துப் போனது உண்மை. அவன் கார் மட்டும் என்ன, போன மாதம் வரை உரித்துப் போட்ட வெங்காயத் தோல் நிறத்தில்தானே நின்றது?

அப்படி நின்றதுதான் ஒரு வெள்ளிக்கிழமை காலை நான் பால்கனிக்கு வந்து பார்த்தால் மாதுளம்பழம் மாதிரி மின்னுகிறது. எதிர்வீட்டு அம்மாள் அவன் கார்க் கதவில் முகம் பார்த்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போகிறாள். காபிக் கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து வந்து, "மப்ரூக் வஜீஹ்! புதுசா வாங்கிட்டியா?" என்று அவனைக் கட்டிப் பிடிக்கிறார்கள். பதினைந்து வருடமாக அதே தெருவில் நிற்கிற என் காரை ஒரு பூனைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு நெஞ்சு கரித்தது. வயிறும்தான். காலையில் ஃபூல் மொச்சைக்கூழ் சாப்பிட்டதால் இருக்கலாம்.

இறங்கிப் போய்க் கேட்டேன். "யாருடா செஞ்சது?" என்றால், "சும்மா கழுவினேன் அண்ணே" என்கிறான். கழுவினானாம்! உடன்பிறந்தவனிடமே மறைக்கிறான் பார். சரி, நீ கழுவினால் நானும் கழுவுவேன் என்று, பல்பசையும் மண்ணெண்ணெயும் கலந்து, உச்சி வெயிலில் கொதிக்கிற பானெட்டைத் தேய்க்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் துணி முழுக்கப் பச்சை. என் கார் என் கையோடு வந்துவிட்டது என்று நான் போட்ட சத்தத்தில் ஸுஹைர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கட்டிய புருஷன் தெருவில் நின்று அலறுகிறானே என்று ஒரு பதற்றம் வேண்டாமா? "கலரெல்லாம் துணிக்கு வந்துடுச்சா? அப்ப கல்யாணத்துக்குத் துணியை ஓட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கார் முன்பு வெறுமனே வெளுத்திருந்தது, இப்போது திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. பல்பசை வாசனை வேறு.

கடைசியில் பாலிஷ் போடுகிற உஸ்தா கமீஸைத் தேடிப் போனேன். ஊரிலேயே பெரிய வாயாடி. என்னைப் பார்த்ததும், "வாங்க ஹாஜியாரே! உங்க தம்பி காரும் நம்ம கைதான். முடிச்சுக் காட்டினதும் மனுஷன் அழுதுட்டாரு. எல்லாரும் அழுவாங்க, நீங்களும் அழுவீங்க" என்றான். நான் இன்னும் ஹஜ்ஜுக்கே போகவில்லை, அழுகிற எண்ணமும் இல்லை என்றேன். அவன் காதில் வாங்கினால்தானே? காரை நிழலுக்குள் தள்ளிக் கழுவி, என் கையைப் பிடித்துப் பானெட்டில் வைத்து, "தடவுங்க, நறநறன்னு இருக்கா? அவ்வளவும் கடல் உப்பு, தூசி" என்று சொல்லி, களிமண் மாதிரி ஒரு உருண்டையைத் தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்த்தான். விளிம்புகளிலெல்லாம் தாள் நாடா ஒட்டினான். அங்கே பெயின்ட் மெலிசாம், மெஷின் பட்டால் தகரம் தெரிந்துவிடுமாம். பிறகு முரட்டுப் பாலிஷ் மருந்து, அதன்பின் மெல்லிய மருந்து. மெஷினில் இருந்த பஞ்சு பச்சையானதும் நான் மறுபடி அலறினேன். "அது செத்த தோலு ஹாஜியாரே, போகட்டும். உசுரு கீழே இருக்கு" என்றான். அக்கா, உண்மையாகவே கீழே இருந்தது. நான் வாங்கிய அன்றைய பச்சை. என் முகம் அதில் தெரிந்தது. பத்து வயது குறைந்திருந்தது. கண்ணில் கொஞ்சம் தண்ணீர் வந்தது. மருந்து நெடியாக இருக்கும்.

"இன்னும் மெழுகு பூசல. பூசிக் காயவெச்சுத் தர்றேன், சாயங்காலம் வாங்க. இப்ப பெயின்ட் மொட்டையா நிக்குது" என்றான் கமீஸ். சாயங்காலமா? வஜீஹ் வேலையிலிருந்து மதியமே வந்து படுத்துவிடுவான், பிறகு யார் பார்க்க? "மெழுகெல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு வந்து, அவன் பால்கனிக்கு நேர் கீழே நிறுத்தினேன். அவன் வந்தான். பார்த்தான். முகம் சுருங்கி, சும்மா இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, தன் காரைப் பார்த்தான், என் காரைப் பார்த்தான். எனக்கு வயிறு குளிர்ந்தது. மேலே போய், இரண்டு தட்டு சோறு சாப்பிட்டுவிட்டு, குழந்தை மாதிரி தூங்கினேன்.

அஸர் பாங்கு கேட்டு எழுந்து எட்டிப் பார்க்கிறேன், என் பானெட் நடுவில் ரத்தம்! ஐந்து விரல், ஒரு உள்ளங்கை, வெயிலில் பொருக்குத் தட்டிக் கிடக்கிறது. "இப்படிக் கை பதிக்கிறது புதுக் காருக்குத்தானே?" என்று ஸுஹைர் சாவகாசமாகச் சொல்கிறாள். "உங்க தம்பிதான் பதிச்சார். கையில அறுத்த சேவலோட நின்னார், நானே பார்த்தேன்." பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறாள்! நான் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன், ரத்தம் போனது, கை போகவில்லை. காரைக் கமீஸிடம் கொண்டுபோனேன். "மெழுகு இருந்திருந்தா ஒரு துடைப்புல போயிருக்கும். மொட்டை பெயின்ட்டை ரத்தம் கடிச்சிருச்சு. நல்லா ஆழமா. இதை எடுத்தா தகரம்தான் மிஞ்சும்" என்று கையை விரித்துவிட்டான்.

ஆகவே அக்கா, கேட்டுக்கொள். அவன் வேண்டுமென்றே செய்தது. என் கார் அவன் காரை மிஞ்சிவிட்டது என்ற எரிச்சல். அவனிடம் நான் பேசுவதில்லை. ஹதீர் என் காரில்தான் வரவேண்டும், ஐந்து விரலோடு வந்தாலும் சரி. முடியாது என்றால் நான் ஊர்வலத்துக்கே வரமாட்டேன். கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து பூசணி விதை கொறித்துக்கொண்டு, நீங்கள் ஹாரன் அடித்துப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்போது உன் மனசு கேட்கிறதா பார்க்கிறேன்.

மச்சானுக்கு என் ஸலாம். ஹதீருக்கு மாமாவின் முத்தமும், மாப்பிள்ளைக்கு என் அறிவுரையும் (நேரில் சொல்கிறேன்). அல்லாஹ் அவர்கள் வீட்டை நிறைத்து வைக்கட்டும்.

உன் சோற்றில் பங்கு போட்டு வளர்ந்த தம்பி,
ஷவ்கி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வஜீஹ் கதவைத் தட்டினான். அந்தச் சேவலை முலூகியாக் கீரையோடு சமைத்து ஒரு பானை கொண்டுவந்திருந்தான். "ஏன்டா இப்படிப் பண்ணே?" என்று பாய்ந்தேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "உன் காரைப் பாத்ததும் எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு அண்ணே. வல்லாஹி, எரிஞ்சுது. என் கண்ணே பட்டு வழியில ஏதாவது ஆயிட்டா? இப்படி மின்னினா அக்கா மனசு மாறி ஹதீரை இதுலதானே ஏத்துவா? அதான் ஓடிப்போய்ச் சேவல் வாங்கி அறுத்து, கண்ணு படாம இருக்க ரத்தக் கையைப் பதிச்சேன்." நான் அவன் காரை இத்தனை நாளாக எரிய எரியப் பார்த்திருக்கிறேன் அக்கா, அதற்கு ஒரு முட்டைகூட உடைத்ததில்லை. உடனே போய் நானும் ஒரு சேவல் வாங்கி அறுத்து, அவன் பானெட்டில் என் கையைப் பதித்தேன். ஹதீர் அவன் காரிலேயே வரட்டும். ஓட்டப்போவது நான், சாவியை அவனே என் பையில் போட்டுவிட்டான். மேலே எழுதியதை எல்லாம் படித்திருந்தால் மறந்துவிடு, படிக்காவிட்டால் கிழித்துவிடு. ஒன்றே ஒன்றுதான் மனதில் கிடந்து அறுக்கிறது: அவன் காருக்கு மெழுகு பூசியிருந்ததால், என் கை ஒரு துடைப்பில் போய்விட்டது. அவன் கை என் காரில் அப்படியே இருக்கிறது.